நிரம்பிய குழி நிரூபணம் ஆகுமா?

முழங்காலின் குருத்தெலும்பில் விழுந்த குழியை நோயாளியின் சொந்தச் செல்களைக் கொண்டே நிரப்பும் சிகிச்சையைப் பற்றி, வைத்திய உலகிலும், அதைக் கேள்விப்பட்டு நம்பிக்கையோடு வரும் பொதுமக்களிடையிலும், ஏறக்குறைய ஸ்திரமாகிவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. சிகிச்சைக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் குழி நிரம்பியிருந்து, முன்பு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் பெற்ற முழங்கால் இரண்டாண்டு கழித்து எழுபத்தைந்து பெற்று, நோயாளியும் திருப்தி என்று சொல்லிவிட்டால், சிகிச்சை பலித்துவிட்டது, இதற்கு மேல் என்ன பிரமாணம் வேண்டும் என்பதே அந்த அபிப்பிராயம். இது பிழையானது என்பதும், பிழையோடு நில்லாமல், எந்த நோயாளியின் பெயரால் பேசுகிறதோ அந்த நோயாளிக்கே தீங்கிழைக்கிறது என்பதும் என் துணிபு. படமும் மதிப்பெண்ணும் திருப்தியும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சிகிச்சையால் விளைந்தது எது, அது இல்லாமலேயே விளைந்திருக்கக்கூடியது எது என்ற வினாவுக்கு அவை மூன்றும் ஒன்றுசேர்ந்தாலும் விடை தரமாட்டா என்பதே என் ஆட்சேபணை.

பூர்வபட்சத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே நியாயம். மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே தோலிலோ எலும்பிலோ ஏற்பட்ட காயம் ஆறுவதுபோல அதில் ஏற்பட்ட காயம் ஆறுவதில்லை. அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று வில்லியம் ஹன்டர் 1743-இல் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதிய கருத்து இரண்டரை நூற்றாண்டுக் காலம் அசைக்கப்படாமலே நின்றது. 1987-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் பீட்டர்சன், பிரிட்பெர்க் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும், முழங்காலில் உடற்பாரம் விழாத ஓர் ஓரத்திலிருந்து சிறிதளவு குருத்தெலும்பைக் கிள்ளியெடுத்து, அதிலிருந்து செல்களை நொதியால் பிரித்து, சில வாரங்கள் சோதனைச்சாலையில் பெருகச் செய்து, பிறகு மூட்டைத் திறந்து, கால் எலும்பிலிருந்து உரித்த எலும்புறையைக் குழியின் மேல் மூடித் தைத்து, அதன் அடியில் அச்செல்களைச் செலுத்தினார்கள். இவ்விதம் சிகிச்சை பெற்ற 23 பேரின் விருத்தாந்தம் 1994-இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. தொடையெலும்பின் முனையில் குழி இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன் அல்லது மிக நல்ல பலன். பயாப்சி செய்து பார்த்த 15 பேரில் 11 பேருக்கு இயற்கையான ஹயலின் குருத்தெலும்பின் சாயலுள்ள திசு. இதைப் படித்த அறுவை வைத்தியர்களின் உள்ளம் பூரித்திருந்தால் அதில் வியப்பேதும் இல்லை.

ஆனால் அதே கட்டுரையில், முழங்கால் சில்லின் பின்புறத்தில் குழி இருந்த 7 பேரில் 2 பேருக்கே நல்ல பலன் கிட்டியது என்றும் எழுதப்பட்டிருந்தது. உலகம் 14-ஐ நினைவில் வைத்துக்கொண்டு 2-ஐ மறந்துவிட்டது. அதைக் காட்டிலும் பெரிய மறதி ஒன்றும் நிகழ்ந்தது. அந்த 23 பேருக்கு எதிரே, செல் செலுத்தப்படாத, ஆனால் மற்றெல்லா வகையிலும் அவர்களை ஒத்த ஒரு கூட்டம் நிறுத்தப்படவில்லை. முதல் அறிக்கையில் அது இல்லாதது குற்றமல்ல. புதுவழி காண்பவர் முதலில் வழி உண்டா என்றுதான் பார்ப்பார். குற்றம் பின்வந்தவர்களுடையது. 1997-இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் இவ்வகைச் செல்களை விற்பனைக்கு அனுமதித்தது. அதே 1997-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் நாய்களின் முழங்காலில் குழி செய்து, ஒரு பகுதிக்குச் செல்லும் எலும்புறையும், ஒரு பகுதிக்கு எலும்புறை மட்டும் வைத்து, மீதிக்கு ஒன்றுமே செய்யாமல் விட்டு, ஓராண்டும் ஒன்றரை ஆண்டும் கழித்துப் பார்த்தபோது, மூன்றுக்குமிடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். நாய் மனிதனல்ல என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாய்க்குச் செய்த அந்த நேர்மையான ஒப்பீட்டை மனிதனுக்குச் செய்யாமலே சிகிச்சை உலகெங்கும் பரவியது என்பதும் உண்மை.

இனி, முன்னும் பின்னும் வைத்துப் பார்க்கும் முறை ஏன் ஏமாற்றுகிறது என்பதைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். நோயாளி எப்போது அறுவைக்கு இசைகிறார்? வலி அதிகபட்சமாக இருக்கும்போது இசைகிறார். வலியோ கூடியும் குறைந்தும் வருவது. உச்சத்தில் அளந்ததை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் சில மாதம் கழித்து மீண்டும் அளந்தாலும் பெரும்பாலும் குறைந்தே காணப்படும். அறுவைக்குப் பின் அவர் ஆறு வாரமோ எட்டு வாரமோ காலில் முழுப் பாரம் போடாமல் இருக்கிறார். ஓராண்டுக் காலம் ஓடாமலும் குதிக்காமலும் இருக்கிறார். பிசியோதெரபி நிபுணரின் கண்காணிப்பில் தொடைத் தசையை வலுப்படுத்துகிறார். இந்தப் பயிற்சி தன்னளவிலேயே ஒரு சிகிச்சை. குருத்தெலும்புக் குழி உடையவர்கள் அறுவைக்கு முன்பு மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்தாலே கணிசமாகத் தேறுகிறார்கள் என்று நார்வேயில் கண்டிருக்கிறார்கள். பலருக்கு அதே அறுவையில் அறுந்த தசைநார் சீர்செய்யப்படுகிறது, அல்லது வளைந்த காலின் எலும்பு நேராக்கப்படுகிறது. இவ்வளவுக்கும் மேலாக, தன் செல்லே தன்னைக் குணப்படுத்தப் போகிறது என்ற எதிர்பார்ப்பு வேறு இருக்கிறது. இத்தனை காரணங்களும் ஒரே காலத்தில் ஒரே மூட்டின்மேல் வேலை செய்ய, விளைந்த நன்மை முழுவதையும் செல்லின் கணக்கில் வரவு வைப்பது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காக்கையின் பலம் என்று சொல்வதாகும்.

எதிர்பார்ப்பின் வலிமையைக் குறைத்து மதிப்பவர்கள் இரண்டு பரிசோதனைகளைப் படிக்கவேண்டும். ஹூஸ்டன் நகரத்தில் மோஸ்லியும் சகாக்களும், மூட்டுத் தேய்மானமுடைய 180 பேரில் ஒரு பகுதியினருக்கு ஆர்த்ராஸ்கோப் என்னும் மூட்டு உள்நோக்கிக் கருவி மூலம் மூட்டைச் சுத்தம் செய்தும் கழுவியும், மற்றொரு பகுதியினருக்குத் தோலை மாத்திரம் கீறி அறுவை நடந்ததுபோலவே பாவனை செய்தும், இரண்டாண்டு கவனித்து, இரு சாராருக்கும் பேதமில்லை என்று 2002-இல் வெளியிட்டார்கள். பின்லாந்தில் 146 பேரைக் கொண்டு, தேய்ந்து கிழிந்த மெனிஸ்கஸ் சவ்வை வெட்டியெடுக்கும் அறுவையை இவ்விதமே பாவனை அறுவையோடு ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டதும் அதே முடிவுதான். இவை வேறு நோய்கள், வேறு அறுவைகள் என்பார்கள். சரி; ஆனால் முழங்கால் அதே முழங்கால், வலியை அளக்கும் வினாத்தாள்களும் ஏறக்குறைய அவையே. பாவனை அறுவைக்குப் பிறகும் மதிப்பெண் உயர்ந்தது என்ற உண்மையை அறிந்த பின்பு, உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் காட்டி ஒரு சிகிச்சையை ஸ்தாபிக்க முற்படுவது எங்ஙனம் பொருந்தும்? சுவீடனில், பாரம் தாங்கும் குருத்தெலும்பில் கடுமையான சேதமுற்ற 28 இளம் விளையாட்டு வீரர்களை, செல் சிகிச்சை எதுவும் கிட்டாதவர்களை, 14 ஆண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் 22 பேருடைய முழங்கால் நன்றாகவோ மிக நன்றாகவோ இயங்கிக்கொண்டிருந்தது என்று 1996-இல் எழுதப்பட்டிருப்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்களிலும் கணிசமானோருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானத்தின் அறிகுறி தென்பட்டது. ஆயினும் அவர்கள் நடந்தார்கள், வேலை செய்தார்கள், பலர் விளையாடினார்கள்.

மதிப்பெண் என்ற அளவுகோலையே எடுத்துப் பார்த்தாலும் நிலைமை சிறப்பாக இல்லை. நெடுங்காலம் பெருவழக்காக இருந்த லிஷோம் அளவை, முதலில் தசைநார் அறுந்த முழங்காலுக்காக இயற்றப்பட்டது. 1985-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதன் நூறு மதிப்பெண்ணில் 25 மூட்டின் தள்ளாட்டத்துக்கு உரியவை; குருத்தெலும்பில் குழி மட்டும் உள்ளவருக்குத் தள்ளாட்டம் முக்கியமான குறையே அல்ல. குந்தி உட்காருவதற்கோ 5 மதிப்பெண். தரையில் அமர்ந்து உண்பதும், குந்தி எழுவதும், கோயிலில் விழுந்து வணங்குவதும் அன்றாடமாக உள்ள நம் நாட்டு நோயாளிக்கு அந்த ஐந்தில் வாழ்க்கையின் பாதி அடங்கியிருக்கிறது என்பதை அளவையை இயற்றியவர்கள் அறிய நியாயமில்லை. ஆனால் அதை இங்கே எடுத்தாளும் நம் வைத்தியர்கள் அறியாதவர்கள் அல்லர். பின்னால் வந்த கூஸ் என்னும் வினாத்தாள் 42 வினாக்களை வலி, அறிகுறி, அன்றாட வேலை, விளையாட்டு, வாழ்க்கைத் தரம் என ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் கேட்பதால் மேலானதுதான். எனினும் சராசரியை மட்டும் அச்சிட்டு, எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் முன்னிலும் கெட்டார்கள் என்பதை மறைத்தால், மேலான அளவுகோலும் அதே ஏமாற்றத்தைத்தான் தரும்.

ஒப்பீட்டுடன் நடந்த பரிசோதனைகள் இல்லாமல் இல்லை. என் வாதத்துக்கு அவையே ஆதாரம். நார்வேயில் நான்கு ஆஸ்பத்திரிகளில் நட்சென் முதலானோர் 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் சரிபாதியாகப் பிரித்து, 40 பேருக்குச் செல் சிகிச்சையும், 40 பேருக்கு மைக்ரோஃபிராக்சர் எனப்படும், குழியின் அடி எலும்பில் நுண்துளைகள் இட்டு மஜ்ஜையைக் கசியவிடும் எளிய சிகிச்சையும் செய்தார்கள். இரண்டாண்டில், 2004-இல் வெளியான முடிவின்படி, இரு சாராரும் தேறியிருந்தார்கள். திசுவின் தரத்தில் குறிப்பிடத்தக்க பேதமில்லை. உடல்நலம் பற்றிய பொது வினாத்தாளின் உடற்பகுதியிலோ துளையிட்டவர்களே மேலாக இருந்தார்கள். ஐந்தாண்டில் இரு பக்கமும் ஒன்பது ஒன்பது பேருக்குச் சிகிச்சை தோற்றிருந்தது. பதினைந்து ஆண்டு கழிந்து 2016-இல் அதே நோயாளிகளின் வரலாறு மறுபடியும் வெளியானபோது, செல் சிகிச்சை பெற்றவர்களில் 17 பேருக்கும் துளையிடப்பட்டவர்களில் 13 பேருக்கும் தோல்வி. தோல்வியுறாமல் எஞ்சியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம். இந்த வரலாற்றின் அருமை அதன் முடிவில் மாத்திரம் இல்லை. செல் சிகிச்சை பெற்ற அந்த நாற்பது பேரை மட்டும் தனியே எடுத்து, இரண்டாண்டில் கணக்கை மூடியிருந்தால், அது இன்னுமொரு வெற்றி அறிக்கையாக அச்சேறியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதே மனிதர்கள், அதே முழங்கால்கள். எதிரே நிறுத்திய துணைக்கூட்டமும் கடந்த காலமும் சேர்ந்தபோது பொருளே மாறிவிட்டது.

இதைக் கேட்டு, ஆகவே செல் சிகிச்சையே வீண் என்று முழங்குவோரும் இருக்கிறார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. லண்டனை அடுத்த ஸ்டான்மோரில் பென்ட்லியும் சகாக்களும் 100 பேரைக் கொண்டு, செல் சிகிச்சையை, எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த சிறு உருளைகளைப் பெயர்த்து நடும் முறையோடு ஒப்பிட்டபோது, பத்தாண்டு முடிவில் செல் சிகிச்சையில் 17 சதவீதமும் உருளை நட்டதில் 55 சதவீதமும் தோல்வியடைந்திருந்தன. பெரிய குழிகளை உடையவர்களும், பல ஆண்டு வலியால் துன்புற்று முன்பே அறுவை செய்துகொண்டவர்களும் அங்கே மிகுதி. ஒரே சிகிச்சை நார்வேயில் சமமாகவும் ஸ்டான்மோரில் மேலாகவும் விளங்கியதற்குக் காரணம், எதனோடு ஒப்பிட்டார்கள், எத்தகைய நோயாளியிடம் ஒப்பிட்டார்கள் என்பதே. குருத்தெலும்புக் குழி உள்ள இளைஞர்கள் அனுபவிக்கும் வேதனை, மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் முதியவர்களுடையதற்குச் சளைத்ததல்ல என்று நார்வேயில் 2010-இல் காட்டினார்கள். இவ்வளவு துன்பம் மெய்யாக இருக்கும்போது, அதற்கான பரிகாரத்தை எவ்வளவு கண்டிப்பாகச் சோதித்தாலும் தகும். கண்டிப்பைக் கருணைக்கு எதிரி என்று கருதுவதே பெரும் பிசகு.

படத்தைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். ஏனெனில் பாமரரை மட்டுமன்றிப் பண்டிதரையும் அதிகம் மயக்குவது அதுவே. கறுத்த பள்ளம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் நிறைவாக ஒன்று தெரிந்தால், பிரத்தியட்சத்தை மறுப்பார் யார் என்று கேட்கத் தோன்றும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் தயாரித்த செல்களைத் துளையிடும் சிகிச்சையோடு ஒப்பிட்டு, 118 பேரிடம் சாரிஸ் முதலானோர் நடத்தி 2008-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஓராண்டில் எடுத்த திசு செல் சிகிச்சைப் பக்கத்தில் தரமாக இருந்தது. நோயாளிகள் உணர்ந்த நலத்தில் பேதமில்லை. பிறகு அதே சாரிஸ், செல்களைச் சவ்வில் ஏற்றி வைக்கும் பிந்திய முறையை 144 பேரிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டபோது, இரண்டாண்டில் வலியும் இயக்கமும் செல் சிகிச்சைப் பக்கத்தில் மேலாக இருந்தன, எம்.ஆர்.ஐ. படத்திலும் திசுவிலும் பேதமில்லை! ஓரிடத்தில் திசு மேலாகியும் நோயாளி உணரவில்லை. மற்றோரிடத்தில் நோயாளி உணர்ந்தும் திசுவில் காரணம் காணவில்லை. இரண்டாவது பரிசோதனையில், எந்தச் சிகிச்சை தமக்குச் செய்யப்பட்டது என்பதை நோயாளிகள் அறிந்திருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. நார்வேப் பரிசோதனையில் ஹயலின் சாயல் மிகுந்த தரமான திசு உண்டானவர்களில் ஒருவருக்கும் ஐந்தாண்டுக்குள் தோல்வி நேரவில்லை என்பது படத்தின் கட்சிக்குச் சாதகமான செய்தி. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். திசு முற்றிலும் பொருளற்றது என்பது என் கட்சியல்ல. படம் காரணத்தைத் தேடும் ஆய்வாளனுக்கு உதவும் கருவியாக இருக்கட்டும். நோயாளியின் நலத்துக்குப் பதிலாளாக வந்து சாட்சி சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

தோல்வியை எண்ணும் விதத்தைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. எலும்புறையால் மூடிய காலத்தில் அந்த உறை தடித்து வளர்ந்து மூட்டில் சிக்கியதால் மறுபடியும் ஆர்த்ராஸ்கோப் செலுத்திச் சீவ நேர்ந்தவர்கள் பலர். அதைத் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். சிறு திருத்தம் என்று சிலர் எழுதினார்கள். மயக்க மருந்து கொடுக்கப்பட்டு மறுமுறை மேசையில் கிடத்தப்பட்டவருக்கு அது சிறிதல்ல. தோற்றவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியவர்களின் சராசரியைக் காட்டினால், ஆண்டு செல்லச் செல்ல மதிப்பெண் நிலைத்திருப்பதுபோலத் தோன்றும். கெட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, நல்லவர்கள் மட்டும் அளக்கப்படுகிறார்கள். கோத்தன்பர்க் குழுவினர் 2010-இல் வெளியிட்ட நீண்டகால அறிக்கையில் 92 சதவீதத்தினர் திருப்தியுற்று, மீண்டும் அதே சிகிச்சை செய்துகொள்வோம் என்று கூறியதாகக் கண்டிருக்கிறது. 341 பேருக்கு வினாத்தாள் அனுப்பப்பட்டது. 224 பேர் பதில் எழுதினார்கள். அந்த 92 சதவீதம் பதில் எழுதியவர்களுடையது. பதில் எழுதாத 117 பேரும் அவ்விதமே திருப்தியோடு இருந்தார்களா, அல்லது வேறிடத்தில் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு பழைய வைத்தியருக்குப் பதில் எழுத மனமின்றி இருந்தார்களா என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்து அனுமானிக்க இயலாது. அறிக்கையை எழுதியவர்கள் இரண்டு எண்களையும் ஒளிக்காமல் தந்தார்கள். எடுத்துச் சொல்பவர்கள்தாம் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

எனக்குச் சாதகமாகத் தோன்றும் செய்தியையும் இதே தராசில் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். முன்பு துளையிடும் சிகிச்சை முதலியன செய்துகொண்டவர்களுக்குச் செல் சிகிச்சை தோற்பது 26 சதவீதம், செய்துகொள்ளாதவர்களுக்கு 8 சதவீதம் என்று பாஸ்டன் நகரத்து மினாஸ் 2009-இல் எழுதினார். ஆகவே முதலிலேயே செல் சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று இதைக் கொண்டு வாதிக்கிறார்கள். அது உண்மையாக இருக்கலாம். துளையிடுவதால் குழியின் அடி எலும்பு தடித்துச் சீர்கெடுவது நாம் அறிந்ததே. ஆனால் அவர்கள் குலுக்கலில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். ஒருமுறை சிகிச்சை செய்தும் தேறாத முழங்கால் தொடக்கத்திலேயே கொடிய முழங்காலாக இருந்திருக்கக்கூடும். செல் சிகிச்சையின் அபிமானிகளைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை அதன் விரோதிகளையும் நடுவிலிருப்போரையும் பார்த்துக் கேளாவிட்டால், அந்தக் கேள்விக்கு மதிப்பே இல்லை.

பாவனை அறுவை கொடுமையல்லவா, வலியால் துடிப்பவருக்கு வெறும் பயிற்சியைக் கொடுத்துவிட்டு இரண்டாண்டு வேடிக்கை பார்ப்பதா என்று கேட்பார்கள். பயனற்ற அறுவையை ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்வது, நூறு பேர் தம் மனமொப்பிப் பங்கேற்ற ஒரு பரிசோதனையைக் காட்டிலும் கொடுமை என்பதை ஹூஸ்டனும் பின்லாந்தும் காட்டிவிட்டன. பயிற்சியோடு ஒப்பிடுவதில் கொடுமைக்கே இடமில்லை; தேறாதவர் ஆறு மாதம் கழித்து அறுவைக்கு வரலாம். ஜெர்மனியில் 2013 முதல் நாடளாவிய குருத்தெலும்புச் சிகிச்சைப் பதிவேடு ஒன்று நடந்துவருவதைக் காட்டி, இனி பரிசோதனை வேண்டியதில்லை என்பாரும் உண்டு. பதிவேடு போற்றத்தக்க முயற்சி. யாருக்கு என்ன ஆயிற்று என்பதை அது சொல்லும். வேறு என்ன ஆகியிருக்கும் என்பதை அது சொல்லாது.

இன்னொரு ஆட்சேபணைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. பதினைந்து ஆண்டு காத்திருந்துதான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் எந்த நிறுவனம் அதுவரை தாக்குப்பிடிக்கும் என்று கேட்கிறார்கள். தாக்குப்பிடிக்கவில்லை என்பதுதான் வரலாறு. மேற்சொன்ன பெல்ஜியத் தயாரிப்பு, அதன் வகையில் ஐரோப்பாவில் முதன்முதலாக அனுமதி பெற்ற பொருள் என்ற பெருமையோடு 2009-இல் சந்தைக்கு வந்தது. 2011-இல் வெளியான ஐந்தாண்டு முடிவு, நோய் தொடங்கி மூன்றாண்டுக்குள் சிகிச்சை பெற்றவர்களுக்கு நன்மையும் மொத்தத்தில் சமநிலையும் என்று கூறிற்று. 2016-இல் வியாபாரக் காரணங்களால் அது திரும்பப் பெறப்பட்டது. சவ்வில் ஏற்றும் முறைக்கு 2013-இல் கிடைத்த ஐரோப்பிய அனுமதி, தயாரிப்பு ஆலை மூடப்பட்டதால் 2014-இல் நிறுத்திவைக்கப்பட்டது. 2016 டிசம்பரில் அமெரிக்கா அதை அனுமதித்தது. இப்பொருள்கள் ஐரோப்பியச் சந்தையில் வாழ்ந்த காலம் ஏழாண்டு, ஓராண்டு. முப்பது வயதில் அதை ஏற்றுக்கொண்டவர் அந்த முழங்காலோடு வாழவேண்டிய காலம் நாற்பது ஆண்டு. இந்த இடைவெளியை விற்பவர் நிரப்புவார் என்று எதிர்பார்ப்பது நியாயமுமன்று, நடைமுறையுமன்று. 2017-இல் பிரிட்டனின் அரசு மதிப்பீட்டு நிறுவனமாகிய நைஸ், இச்சிகிச்சையை இரண்டு சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குழியும், குருத்தெலும்பைச் சீர்செய்ய முன்பு அறுவை செய்துகொள்ளாமையும், மிகக் குறைந்த தேய்மானமும் உடையவர்களுக்கு, தக்க ஆஸ்பத்திரிகளில் மட்டும் என்று வரையறுத்து ஏற்றது நல்ல தொடக்கம். அத்துடன், அனுமதிப் பத்திரத்திலேயே ஒப்பீட்டுக் கூட்டம் எது, தோல்வி என்பது எது, பதினைந்தாம் ஆண்டில் ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடித்துக் கணக்கெழுதும் பொறுப்பாளி யார், நிறுவனம் மூடப்பட்டாலும் அந்த வேலை நடப்பதற்கான பணம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்ற நான்கையும் அரசு எழுதி வாங்க வேண்டும். எழுதிக் கொடுக்க மறுக்கும் தயாரிப்புக்கு அனுமதியும் மறுக்கப்பட வேண்டும்.